மூன்றாவது வீட்டுப் பானை: போர்க்காலச் சுகாதாரச் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

1943ஆம் வருடம், ஆடி கழிந்து ஆவணி பிறந்த நேரம். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரு சந்தின் மூன்றாவது வீட்டு வாசலில் இருந்த மண்பானையை சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் காலால் சாய்த்துவிட்டுப் போனார். அதே சந்தின் கோடியில் ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் இடம், இருந்தது. அதன் சுண்ணாம்புத் தண்ணீர் அந்த மூன்றாவது வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போகும். அங்கே அவர் போகவில்லை.

சம்பவம் இவ்வளவுதான். பானை எங்கள் ஆயாவுடையது (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்). பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என் அம்மா, அப்போது அவளுக்குப் பதினொரு வயது. நான் பிற்காலத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, இதே ஆற்றங்கரை நகராட்சிகளில் முப்பது வருடத்துக்கு மேல் சாக்கடை பார்த்து, குளோரின் போட்டு, கொசுப்புழு தேடி ஓய்வுபெற்றவன். வேலை உத்தரவு வந்த அன்று அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நீயும் போயி பானைய ஒதைக்கப் போறியா நைனா" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை, ஆனால் அன்று அந்த மனிதர் ஏன் பானையை மட்டும் உதைத்தார் என்பது ஓரளவு புரிந்திருக்கிறது, அதை எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரும் தோல் ஷாப்காரர் பெயரும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், நல்லவர்கள்.

முதலில் சந்து. இரண்டு ஆள் கைகோத்து நடக்கலாம், மாட்டுவண்டி நுழையாது. நுழைவாயில் பக்கம் இரண்டு வீட்டில் குழித்தறி. தறிக்குழிக்குள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து லுங்கி நெய்வார்கள், மழை பெய்தால் குழியில் ஈரம் ஊறும். அடுத்து ஏழெட்டு வீடுகளில் பீடி. நடுவில் நான்கைந்து முஸ்லிம் வீடுகள், வாசலில் சாக்குத் திரை, உள்ளே கோஷா, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் வழக்கம். வீடுகளுக்குப் பின்னால் கக்கூஸ் சந்து, ஆள் வந்து மலத்தை வாரிக்கொண்டு போகும் எடுப்புக் கக்கூஸ் காலம் அது. எல்லாருக்கும் ஒரே பொதுக்கிணறு. கோடியில் தோல் ஷாப்பின் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு. மணல்தான், தண்ணீர் வருடத்தில் சில நாள்.

இந்தச் சந்தில் எது வீடு, எது தொழிற்சாலை என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம். ஆயா வீட்டுத் திண்ணையில் ஆயா, பெரியம்மா, என் அம்மா மூன்று பேரும் காலையிலிருந்து இருட்டும்வரை பீடி சுற்றுவார்கள். பீடி இலை காய்ந்துதான் வரும். சாயங்காலம் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால்தான் காலையில் தகட்டை வைத்துக் கத்தரிக்கும்போது உடையாமல் வரும். இலை சரியாக ஊறவில்லை என்றால் பீடி பிளந்துகொள்ளும், ஏஜெண்டு அதைக் கழிவு என்று ஒதுக்குவான், ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. இன்ஸ்பெக்டர் சாய்த்தது அந்த இலை ஊறுகிற பானை. அவர் குறிப்பில் அது "வீட்டில் தேங்கிய நீர்" என்றுதான் போயிருக்கும். ஆயாவுக்கு அது மறுநாள் கூலி. ஒரு பட்டறையின் தொட்டியைத்தான் அவர் கவிழ்த்தார், ஆனால் அது பட்டறை என்று அவர் எழுதிக்கொள்ள எந்த நோட்டுப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

ஏன் இல்லை? இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று நடப்பில் இருந்தது 1934ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். இயந்திர சக்தி இருக்க வேண்டும், 20 பேராவது வேலை செய்ய வேண்டும், அப்போதுதான் அது "தொழிற்சாலை". வாரத்துக்கு 54 மணி நேர உச்சவரம்பு, காற்றோட்டம், சுத்தம் எல்லாம் அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 10 பேர் இருக்கும் இடத்தையும், சக்தி இல்லாவிட்டாலும், சேர்த்துக்கொள்ள மாகாண அரசுக்கு அதிகாரம் இருந்தது என்பது வேறு விஷயம். ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஆள் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டும் இடத்தில் என்ன இயந்திர சக்தி? மனிதக் கால்தான் சக்தி. திண்ணை பீடிக்கோ கத்தரியும் நூலும்தான் இயந்திரம். அதற்கப்புறம் 1938இல் குழந்தைகள் வேலைச் சட்டம் ஒன்று வந்தது, பீடி சுற்றுவது, தோல் பதனிடுவது உட்பட ஒரு பட்டியல் போட்டு, 12 வயதுக்குக் கீழே ஆள் வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் மட்டும் சேர்ந்து, கூலியாள் வைக்காமல் செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது. என் அம்மாவுக்குப் பதினொன்று. குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதலாளி யாரோ, கம்பெனி எங்கேயோ. சட்டப்படி எல்லாம் சுத்தம்.

இப்படி மத்தியச் சட்டம் கைவிட்ட இடத்தில் நகராட்சி நிற்கிறது. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, ஏனென்றால் அந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் கையில் அதிகாரம் இல்லை என்று சொல்லவே முடியாது. 1939ஆம் வருடச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இந்த அளவுக்கு விரிவாக வந்த முதல் சட்டம், அப்போது அதற்கு வயது நான்கு. சாக்கடை, கிணறு, கக்கூஸ், கொசு, தொற்றுநோய், எல்லாம் அதில் உண்டு. நாற்றமும் நெரிசலுமாக, காற்று வராமல் வேலை நடக்கும் இடமும் அதன் கணக்கில் தொல்லைதான். நோட்டீஸ் கொடுக்கலாம், கேட்காவிட்டால் நகராட்சியே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். போதாததற்கு 1920ஆம் வருட மாவட்ட நகராட்சிச் சட்டத்தின் கீழ் தோல் பதனிடுவது லைசென்ஸ் வாங்க வேண்டிய தொழில். எங்கள் அலுவலகத்தில் என் காலத்திலும் அதை "டி அண்ட் ஓ" என்றுதான் சொல்வோம், ஆபத்தான, அருவருப்பான தொழில் என்று அர்த்தம். ஆக பானைக்கும் தொட்டிக்கும் ஒரே மனிதர், ஒரே சைக்கிள், ஒரே நோட்டு.

சரி, போருக்கு வருவோம்.

1942 மார்ச்சில் ரங்கூன் போனது, ஜாவாவும் போனது. வேலூர்ப் பக்கத்து ஒரு சந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பர்மா போனதும் அரிசியும் மண்ணெண்ணெயும் அடிபட்டன, ஜாவா போனதும் மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவில் உலகத்துப் பெரும்பங்கு போனது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு மெட்ராஸ் பாதி காலியானது. ரயில் ஏறியவர்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள், எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டில் மெட்ராஸ் உறவு வந்து தங்கிற்று என்பாள் அம்மா. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ் சந்து, ஆள் மட்டும் கூடுதல். அரக்கோணத்தில் விமானத்தளம் போட்டார்கள். தோலுக்குக் கிராக்கி ஏறியது. முதல் உலகப் போரிலேயே சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலை, ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக, அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்ட கதை எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், இரண்டாவது போரிலும் தோல் ஷாப்பில் ராத்திரி லாந்தர் எரிந்தது.

இப்போது இன்ஸ்பெக்டர் நிலைமையைப் பாருங்கள். கொய்னா கிடைக்காத காலத்தில் மலேரியா வந்தால் கொடுக்க மருந்து இல்லை, ஆகவே கொசுவையே தடுக்க வேண்டும் என்று மேலிடம் நெருக்கும். கொசுப்புழுவை மூச்சுமுட்டச் செய்ய நீர்ப்பரப்பில் எண்ணெய் ஊற்ற வேண்டும், அந்த எண்ணெயும் மண்ணெண்ணெய் வகைதான், விளக்குக்கே இல்லாதபோது குட்டைக்கு எங்கிருந்து வரும்? டி.டி.டி. என்ற கொசு மருந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் சில வருடம் ஆக வேண்டும். காலராவுக்குக் கிணற்றில் போட பெர்மாங்கனேட், ஊர்க்காரர்கள் பாஷையில் "செவப்பு மருந்து", அப்புறம் பிளீச்சிங் பவுடர், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் தடுப்பூசி, அதைப் போட்டுக்கொள்ள மக்கள் பயந்து ஓடுவது தனிக்கதை. எல்லாம் தீர்ந்த பிறகும் மிச்சம் இருந்த ஒரே ஆயுதம் அவருடைய கால். தண்ணீரைக் கவிழ்க்க எண்ணெயும் வேண்டாம், மேலதிகாரி கையெழுத்தும் வேண்டாம்.

இதை நான் அவருக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து மாவட்ட ஹெல்த் ஆபீசர் வந்து "என்ன செய்தீர்" என்று கேட்டால் எண்ணிக்கை காட்ட வேண்டும், பானையை எண்ணலாம், நாற்றத்தை எண்ண முடியாது. என் காலத்திலும் படிவம் அப்படித்தான் இருந்தது.

அம்மா சொன்ன அந்த நாள். காலை பத்து மணி இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கையில் நீளக் கைப்பிடி போட்ட கரண்டி, கூட ஒரு பியூன். சந்து முனையிலேயே "சானிட்டரி வந்துகீறாரு" என்று பையன்கள் ஓடிவந்து சொல்லிவிட்டார்கள், சொன்னதும் எல்லா வீட்டிலும் ஒரே சுறுசுறுப்பு, வெந்நீர் அண்டா உள்ளே போனது, ஆட்டுக்கல் குழியில் நின்ற தண்ணீரைக் கையால் வாரி இறைத்தார்கள். முஸ்லிம் வீட்டுத் திரைக்கு முன்னால் அவர் நின்று தொண்டையைக் கனைத்தார். உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டது. நகராட்சிச் சட்டம் இதில் தெளிவாக இருந்தது, பெண்கள் இருக்கும் பகுதிக்குள் நுழைவதற்கு முன் அவர்கள் வேறு இடத்துக்கு நகர அவகாசம் கொடுக்க வேண்டும், வழக்கத்தை மதிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த அவகாசத்தில் யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை, நகர இன்னொரு அறை இருந்தால்தானே. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அந்தத் திரைக்குப் பின்னால் எத்தனை பேர் பீடி சுற்றினார்கள், எத்தனை பேருக்கு இருமல் என்பதெல்லாம் எந்தச் சோதனையிலும் ஏறாமலே போனது. திரையைத் தாண்டக்கூடியவர்கள் மருத்துவச்சிகளும் பெண் டாக்டர்களும்தான். அந்த விதத்தில் வேலூர் கொடுத்துவைத்த ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இலேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார், அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது இதே போரின் நடுவில், 1942இல். ஆனால் டாக்டர் வருவது நோய் வந்த பிறகு. பட்டறையைச் சோதிக்க அவர்களை யாரும் அனுப்பவில்லை.

அப்புறம் மூன்றாவது வீடு. கரண்டியால் பானைத் தண்ணீரை மொண்டு வெயிலில் காட்டிப் பார்த்தார். புழு இருந்ததா என்று நான் அம்மாவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எல ஊறின தண்ணி சாயமா இருக்கும், அதுல இன்னாத்த பார்த்தாரோ" என்பாள். ஆயா எழுந்து நின்று, "சாமி, அது குடிக்கிற தண்ணி இல்ல, வேலத் தண்ணி" என்றாள். அந்த வார்த்தையை அவர் காதில் வாங்கியிருந்தால் இந்தச் சம்பவமே வேறு மாதிரி போயிருக்கும். வேலைத் தண்ணீர் என்றால் இது வேலையிடம், வேலையிடம் என்றால் காற்றோட்டம், நெரிசல், புகையிலைத் தூள் எல்லாம் பார்க்க வேண்டும், யாருக்காக வேலை என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. காலை நீட்டினார். இலை சேற்றில் கலந்தது. பியூன் ஒரு சீட்டைக் கொடுத்தான், படிக்க அங்கே யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு அவர் சந்தின் கோடிவரை நடந்து, மதில் கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்று, திரும்பிவிட்டார்.

அந்த மதிலுக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உப்புப் போட்ட பச்சைத்தோல் மூட்டை வந்து இறங்கும். ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் போட்டு, முடி சுரண்டி, சதை எடுத்து, அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணீர், கடைசியில் கடுக்காய். சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குப் பாதம் வெந்து வெடித்திருக்கும், எங்கள் பெரியப்பா காலை நானே பார்த்திருக்கிறேன், அவர் செத்த பிறகும் அந்தக் கால்தான் ஞாபகம் வருகிறது. நோயில் செத்த மாட்டின் தோல் வந்துவிட்டால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி அதில் உயிரோடு வரும், கையில் சின்னக் கீறல் போதும், கறுப்புக் கொப்புளம் வந்துவிடும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த கழிவு மணலில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும்.

ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய சுகாதாரப் படிப்பு கிருமிப் படிப்பு. காலரா வந்த வீட்டில் என்ன தெளிப்பார்கள்? சுண்ணாம்பு. சாக்கடை ஓரம் என்ன போடுவார்கள்? சுண்ணாம்பு. சுண்ணாம்புக் குழியில் கொசு முட்டையிடாது. ஆகவே அந்த இன்ஸ்பெக்டர் படித்த பாடப்படி, சந்திலேயே கிருமிக்குப் பயப்படத் தேவையில்லாத தண்ணீர் தோல் ஷாப் வாய்க்காலில் ஓடியதுதான்! கிணறு உப்புக் கரித்தது அவர் பட்டியலில் நோயே இல்லை. குரோமியம் பெரிய அளவில் வந்தது பிறகு. அன்றைய பாவம் பட்டையும் உப்பும் சுண்ணாம்பும்தான், அதனால் மெதுவாக ஏறியது, மெதுவாக ஏறுவதைச் சோதனையில் பிடிக்க முடியாது.

மற்ற காரணங்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். லைசென்ஸ் கட்டணம் நகராட்சியின் வருமானம், இன்ஸ்பெக்டர் சம்பளம் அதே கல்லாவிலிருந்து. கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களில் தோல் வியாபாரிகள் உண்டு. உள்ளே கிடந்ததோ பட்டாளத்துச் சரக்கு, போர் நடக்கும்போது அதன்மேல் நோட்டீஸ் ஒட்ட எந்த சானிட்டரிக்குத் தைரியம் வரும்.

இதே வருடம், இதே ராஜாவின் ஆட்சியில், இங்கிலாந்தில் எப்படி இருந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அவர்களுடைய 1937ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் உள்ளூர் கவுன்சில் சுகாதார ஆய்வாளருக்குத் தனி வேலை கொடுத்திருந்தது. இயந்திர சக்தி இல்லாத பட்டறை என்றால் சுத்தம், நெரிசல், சூடு, காற்றோட்டம், தரையில் தண்ணீர் தேங்குவது, இவ்வளவும் அவர் பொறுப்பு, கக்கூஸ் என்றால் எல்லாத் தொழிற்சாலையிலும் அவர் பொறுப்பு. எத்தனை இடம் போனார், எத்தனை குறை கண்டார், எத்தனை சரியாயிற்று என்று வருட அறிக்கையில் அட்டவணை போட வேண்டும். அதைவிட முக்கியம், குறிப்பிட்ட சில தொழில்களில் வீட்டில் வைத்து வேலை செய்பவர்களின் பெயர், முகவரிப் பட்டியலை முதலாளி வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும், கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். அங்கேயும் போர்தான், குண்டு தலையிலேயே விழுந்தது, ஆளும் குறைவு. 1941இல் சிரங்குக்கென்றே ஓர் உத்தரவு போட்டு வீடு வீடாகப் போனார்கள். அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம், சேரிகளை இடித்துக் கட்டும் திட்டம் போர் தொடங்கியதுமே நின்றுபோனது. ஆனால் "வேலைத் தண்ணி" என்று ஒரு பெண் சொன்னால் அதை எழுதிக்கொள்ள அங்கே ஒரு பத்தி இருந்தது. இங்கே சக்தி இல்லை என்பதாலேயே பட்டறை சட்டத்துக்கு வெளியே போனது, அங்கே சக்தி இல்லை என்பதாலேயே அது உள்ளூர் ஆய்வாளர் கைக்கு வந்தது. இரண்டும் லண்டனுக்குக் கட்டுப்பட்ட ஆட்சிதான்.

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பீடிப் பட்டறைகள் ஜன்னல்கூட இல்லாத நெருக்கமான பொந்துகள் என்று தொழிலாளர் ராயல் கமிஷன் 1931இலேயே எழுதிவிட்டது. போருக்கு நடுவில், 1943 அக்டோபரில் நாட்டின் சுகாதார நிலையை ஆராயப் போர் கமிட்டி அமைந்தது (சண்டைப் போர் இல்லை, சர் ஜோசப் போர், மனிதர் பெயர் அப்படி), 1944இல் தொழிலாளர் நிலையை ஆராய ரேகே கமிட்டி வந்து தோல், பீடி இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்தது. இரண்டு அறிக்கையும் 1946இல் வந்தன. 1947இல் சக்தி இல்லாத பட்டறைகளுக்கென்றே சென்னை மாகாணம் ஒரு சட்டம் போட்டது, 1948 தொழிற்சாலைச் சட்டம் சக்தி இருந்தால் 10, இல்லாவிட்டால் 20 என்று கணக்கை இறக்கியது. பீடிக்கு 1958இல் மாநிலச் சட்டம், 1966இல் மத்தியச் சட்டம். ஒவ்வொரு முறையும் வேலை பட்டறையிலிருந்து இன்னும் கொஞ்சம் திண்ணைப் பக்கம் நகர்ந்தது, 20 பேர் இருந்த இடம் பத்துப் பத்தாகப் பிரிந்தது. தோல் ஷாப் கழிவு வாய்க்கால் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவு வர 1996 ஆகஸ்ட் ஆயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கின் தீர்ப்பில், தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ கெட்டுப்போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அசுத்தப்படுத்தியவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்க அந்த வழக்கையும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நானும் கவிழ்த்திருக்கிறேன். டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜ் பின்னால் தட்டு. ஒரு முறை, இடம் வேண்டாம், கழிவு நேராக வாய்க்காலில் விடும் ஒரு யூனிட்டைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அது வேறு வாரியத்தின் வேலை என்று திரும்பி வந்தது, அந்த வாரியத்துக்கு அனுப்பினால் உள்ளாட்சியைக் கேளுங்கள் என்று வந்தது. மூன்றாவது முறை நான் அனுப்பவில்லை. அந்த வாரம் எனக்கு டெங்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது.

அம்மா கடைசிவரை இலைப் பானையை வாசலில் வைத்ததில்லை. பீடி சுற்றுவதை விட்டு எத்தனையோ வருடம் ஆன பிறகும் ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருப்பாள், மேலே ஈரச் சாக்கு. எதற்கு என்று கேட்டால் பழக்கம் என்பாள். ஒரு மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க வந்த இரண்டு பெண்கள் டார்ச் அடித்து நேராக அதைத்தான் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி குனிந்து வெளியே இழுத்து, "பாட்டி, இத கொட்டிடட்டுமா" என்று கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "கேட்டியே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்துப்போய்க் கொட்டினாள்.